ஜிபிஎஸ் ஓடுகிறதே, பிறகு ஏன் இன்னும் ஐன்ஸ்டீனைச் சோதிக்கிறார்கள்?

கேள்வி மூன்று துண்டாக வந்திருக்கிறது. ஜிபிஎஸ் வேலை செய்வதே ஐன்ஸ்டீனின் சார்பியலுக்குப் போதுமான நிரூபணம் ஆகாதா? அப்படியிருக்க, செயற்கைக்கோள் மேல் செயற்கைக்கோளாக ஏவி இன்னும் சோதிப்பது எதற்கு? சுமார் 75 கோடி டாலர் விழுங்கிய கிராவிட்டி புரோப் பி என்ற நாசா செயற்கைக்கோள் சோதனை தோல்வி என்கிறார்களே, உண்மையா? மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம். மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன: ஐன்ஸ்டீன் சொன்ன விளைவைப் போலவே வேஷம் கட்டி வரும் சில்லறை விளைவுகளை எப்படிக் களையெடுப்பது என்ற இடம்.

முதலில் ஜிபிஎஸ். அந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. பூமியின் ஈர்ப்புப் பள்ளத்திலிருந்து அவ்வளவு தூரம் மேலேறி நிற்பதால் அவற்றின் அணுக்கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளுக்குச் சுமார் 45 மைக்ரோ விநாடி முந்தும். விநாடிக்கு ஏறத்தாழ 3.9 கி.மீ. வேகத்தில் பறப்பதால் 7 மைக்ரோ விநாடி பிந்தும். கழித்தால் மிச்சம் 38. இதை ஈடுகட்ட, ஏவும் முன்பே கடிகாரத்தின் அதிர்வெண்ணை 10.23 மெகாஹெர்ட்ஸிலிருந்து 10.22999999543 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து வைத்துவிடுகிறார்கள்.

இங்கே வழக்கமாக ஒரு வசனம் வரும்: "இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் உங்கள் இருப்பிடம் ஒரே நாளில் 11 கி.மீ. தவறிப்போகும்." 38 மைக்ரோ விநாடியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் அந்த எண் வருவது சரிதான். ஆனால் நடைமுறையில் அப்படி ஆகாது. எல்லாச் செயற்கைக்கோள்களின் கடிகாரமும் ஒரே அளவு முந்தினால், உங்கள் கையிலுள்ள கருவி அதைத் தன் சொந்தக் கடிகாரத்தின் பிழை என்று எடுத்துக்கொண்டு கணக்கிலிருந்து நீக்கிவிடும். எப்படியும் அந்தப் பிழையை அது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும். போதாக்குறைக்கு, தரை நிலையங்கள் ஒவ்வொரு செயற்கைக்கோளின் கடிகாரத்தையும் கண்காணித்துத் திருத்த எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஜிபிஎஸ் ஒரு கூர்மையான சோதனை ஆகாமல் போவதற்குக் காரணமும் இதுவே. பிழைகளை விழுங்கிக்கொண்டு வேலை செய்வதற்காகக் கட்டப்பட்ட அமைப்பு அது. அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்தாவது தசம இடத்தில் ஏதாவது பிசகுகிறதா என்று பார்க்க முடியாது.

ஜிபிஎஸ் தொடர்பான உண்மையான சோதனை 1977 ஜூனில் நடந்தது. அப்போது ஏவப்பட்ட என்டிஎஸ்-2 என்ற முன்னோடிச் செயற்கைக்கோளில் சீசியம் கடிகாரம் இருந்தது. சார்பியல் திருத்தம் தேவைதானா என்று அந்தக் காலத்தில் சிலருக்குச் சந்தேகம். அதனால் திருத்தத்தை ஒரு சுவிட்சுக்குப் பின்னால் வைத்து அனுப்பினார்கள். முதல் 20 நாள் சுவிட்சைப் போடாமல் கடிகாரத்தை அதன் போக்கில் ஓடவிட்டு அளந்தார்கள். கோட்பாடு சொன்னது, லட்சம் கோடியில் 446.5 பங்கு முந்த வேண்டும் என்று. அளந்தது 442.5. சந்தேகம் தீர்ந்தது, சுவிட்சைப் போட்டார்கள். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சதவீத வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். வழிகாட்டும் அமைப்புக்கு அது போதும். கோட்பாட்டைச் சோதிப்பவருக்கு அது ஆரம்பம் மட்டுமே.

ஏன் ஒரு சதவீதம் போதாது? புதன் கோளின் கதையை நினைத்துப் பாருங்கள். அதன் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்புகிறது. மற்றக் கோள்களின் இழுப்பால் நூற்றாண்டுக்குச் சுமார் 532 வில்விநாடி திரும்ப வேண்டும் என்று நியூட்டன் விதிகள் சொல்லின. மிச்சம் 43 வில்விநாடி எதிலும் அடங்கவில்லை. ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு வில்விநாடி, அதில் 43, அதுவும் நூறு ஆண்டுக்கு. இரண்டு நூற்றாண்டாக அசையாமல் நின்ற ஒரு கோட்பாட்டின் எல்லை எங்கே முடிகிறது என்பது அந்தச் சில்லறை மிச்சத்தில்தான் ஒளிந்திருந்தது. 1915-ல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகள் அந்த 43-ஐ அப்படியே கொடுத்தன.

இன்று பொதுச் சார்பியலுக்கும், அதாவது ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாட்டுக்கும், இதே நிலைமை வரும் என்று நம்பக் காரணங்கள் உண்டு. அது குவாண்டம் கோட்பாட்டோடு ஒட்டவில்லை. இரண்டையும் இணைக்க முயலும் பல கோட்பாடுகள் புதிய புலங்களைக் கொண்டுவருகின்றன. அப்படி ஒரு புலம் இருந்தால் வெவ்வேறு பொருள்கள் மிக மிக நுண்ணிய அளவில் வெவ்வேறு வேகத்தில் விழக்கூடும், அல்லது ஒளி வளையும் அளவு மயிரிழை மாறக்கூடும். எந்த தசம இடத்தில் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு இடமாக இறங்கித் தேடுகிறார்கள்.

இதற்கு விண்வெளி எதற்கு என்றால், முதல் காரணம் உயரம். 1960-ல் பவுண்டும் ரெப்காவும் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டே ஈர்ப்பு ஒளியின் அதிர்வெண்ணை மாற்றுவதைக் காட்டினார்கள். அது அபாரமான வேலை. ஆனால் 22.5 மீட்டரில் கிடைக்கும் மாற்றம் 1-க்குப் பின் 15 சுழியம் போட்ட எண்ணில் இரண்டு மூன்று பங்குதான். 10,000 கி.மீ. மேலே போனால் அதே விளைவு ஒரு லட்சம் மடங்குக்கு மேல் பெரிதாகிவிடுகிறது. 1976 ஜூன் 18 அன்று கிராவிட்டி புரோப் ஏ செய்தது இதைத்தான். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து ஸ்கவுட் ராக்கெட்டில் ஹைட்ரஜன் மேசர் என்ற துல்லியமான அணுக்கடிகாரம் ஒன்று மேலே போனது. சுற்றுப்பாதைக்கெல்லாம் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஏறி, இறங்கி, கடலில் விழுந்தது. அவ்வளவுதான் மொத்தச் சோதனையும்.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி, ராபர்ட் வெசாட்டும் மார்ட்டின் லெவினும் டாப்ளர் விளைவைக் கையாண்ட விதம். ராக்கெட் விநாடிக்குப் பல கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம் மட்டுமே சிக்னலின் அதிர்வெண்ணை, தேடும் ஈர்ப்பு விளைவைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகமாக மாற்றிவிடும். அதனால் கடிகாரத்தின் சிக்னல் கீழே வந்துகொண்டிருக்கும்போதே, தரையிலிருந்து இன்னொரு சிக்னலை மேலே அனுப்பி, ராக்கெட் அதை அப்படியே திருப்பி அனுப்பும்படி செய்தார்கள். போய் வந்த சிக்னலில் டாப்ளர் இரண்டு முறை ஏறியிருக்கும், ஈர்ப்பு விளைவோ போகும்போது கூடியது வரும்போது கழிந்து பூச்சியமாகியிருக்கும். அதில் பாதியை ஒருவழிச் சிக்னலிலிருந்து கழித்தால் டாப்ளர் மறைந்து ஈர்ப்பு மட்டும் நிற்கும். இந்தக் கழித்தல் மின்னணுச் சுற்றிலேயே, பறக்கும்போதே நடந்தது. பத்தாயிரத்தில் சுமார் ஒரு பங்கு துல்லியத்தில் ஐன்ஸ்டீன் சொன்னது சரியாக இருந்தது.

அந்தச் சாதனையை முறியடிக்க 42 ஆண்டு ஆனது. முறியடித்தது ஒரு விபத்து. 2014 ஆகஸ்ட் 22 அன்று ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டித் தொகுதியைச் சேர்ந்த ஐந்தாவது, ஆறாவது செயற்கைக்கோள்கள் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டன. மேலடுக்கு ராக்கெட்டில் எரிபொருள் குழாய் ஒன்று குளிர்ந்த ஹீலியம் குழாயை ஒட்டிப் போயிருந்தது. எரிபொருள் உறைந்துவிட்டது. வட்டப் பாதைக்குப் போக வேண்டியவை தவறிப்போய் நீள்வட்டத்தில் சிக்கின. பிறகு தம் சொந்த எரிபொருளால் ஓரளவு சரிசெய்துகொண்டாலும், உயரம் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 8,500 கி.மீ. ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. வழிகாட்டும் வேலைக்கு இது இடைஞ்சல். சார்பியல்காரர்களுக்கோ இதைவிட நல்ல பரிசு வேறில்லை. உள்ளே தரமான ஹைட்ரஜன் மேசர் இருக்கிறது, அது நாளுக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஈர்ப்புப் பள்ளத்தில் ஏறி இறங்குகிறது, அதுவும் ஆண்டுக்கணக்கில். கடிகாரத்தின் சராசரி வேகம் என்ன என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. உயரத்தோடு சேர்ந்து அது எப்படி ஊசலாடுகிறது என்று பார்த்தால் போதும்.

ஆனால் இங்கேயும் ஒரு வேஷதாரி உண்டு. சூரிய ஒளி செயற்கைக்கோளை லேசாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைச் சரியாகக் கணக்கிடாவிட்டால் பாதைக் கணக்கு சில சென்டிமீட்டர் பிசகும். அந்தப் பிசகு கடிகாரப் பிழை போலவே தெரியும், அதுவும் சுற்றுக்கு ஒரு முறை, சரியாக சார்பியல் விளைவின் தாளத்திலேயே. இதைப் பிரிக்க, தரையிலிருந்து லேசர் அடித்துத் தூரத்தைத் தனியாக அளந்தார்கள். பாரிஸிலும் பிரெமெனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே பகுத்தாய்ந்து 2018 டிசம்பரில் முடிவை வெளியிட்டன. பழைய சோதனையைவிட ஐந்து மடங்குக்கு மேல் கூர்மை. ஐன்ஸ்டீன் சொன்னது பொய்க்கவில்லை.

உயரம்தான் காரணம் என்றால் எப்போதும் விண்வெளிக்கே வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். 2020-ல் டோக்கியோவின் ஸ்கைட்ரீ கோபுரத்தில், வெறும் 450 மீட்டர் உயர வித்தியாசத்தில், ஒளி அலையின் அதிர்வை எண்ணி ஓடும் அணுக்கடிகாரங்கள் இரண்டை வைத்து ஏறத்தாழ அதே அளவு கூர்மையை எட்டினார்கள். உயரம் குறைந்தால் கடிகாரம் அந்த அளவுக்கு மேம்பட வேண்டும், அவ்வளவுதான். விண்வெளிச் சோதனைக்குப் பணம் கேட்பவர்கள் இந்தக் கோபுரத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது என் கவனிப்பு.

இரண்டாவது காரணம் தூரம். சூரியனை உரசிக்கொண்டு போகும் ரேடியோ அலை கொஞ்சம் தாமதமாக வந்து சேரும் என்று 1964-ல் இர்வின் ஷாபிரோ சொன்னார். செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அதை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிபார்த்தன. 2002-ல், சனியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காசினி சூரியனுக்குப் பின்புறமாகக் கடந்தபோது பெர்டோட்டி, இயெஸ், டோர்டோரா மூவரும் அதே விளைவை இன்னும் சுமார் 50 மடங்கு நுட்பமாக அளந்தார்கள். தடையாக இருந்தது சூரியனைச் சுற்றியுள்ள மின்மத்தின் (பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு) கொந்தளிப்பு. மின்மம் ஒவ்வொரு அதிர்வெண்ணையும் வெவ்வேறு அளவு பாதிக்கும், ஈர்ப்பு எல்லாவற்றையும் ஒரே மாதிரி பாதிக்கும். ஆகவே ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் பேசி மின்மத்தின் பங்கைக் கழித்துவிட்டார்கள். விலகல் லட்சத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் இல்லை என்ற அந்த முடிவு 2003-ல் வெளிவந்தது. காசினி இதற்காகக் கட்டப்பட்ட கலமே அல்ல என்பதுதான் வேடிக்கை.

இப்போது கிராவிட்டி புரோப் பி. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் பெருமையும் வேதனையும் ஒருசேரக் குடியிருப்பது அங்கேதான்.

யோசனை எளிமையானது. ஒரு ஜைரோஸ்கோப்பை, அதாவது அச்சின் திசை மாறாமல் சுழலும் பம்பரத்தை, சுழலவிட்டு, அதன் அச்சை ஒரு விண்மீனை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு பூமியைச் சுற்ற விட வேண்டும். நியூட்டன் உலகத்தில் அச்சு என்றைக்கும் அந்த விண்மீனையே பார்த்துக்கொண்டிருக்கும். ஐன்ஸ்டீன் உலகத்தில் அச்சு இரண்டு காரணங்களால் மெல்லத் திரும்பும். பூமியின் நிறை காலவெளியை (காலமும் வெளியும் சேர்ந்த பரப்பை) வளைத்திருப்பதால் ஆண்டுக்கு 6,606 மில்லி வில்விநாடி. பூமி சுழலும்போது காலவெளியையும் கூடவே கொஞ்சம் இழுத்துச் செல்வதால் அதற்குச் செங்குத்தான திசையில் ஆண்டுக்கு 39 மில்லி வில்விநாடி. இந்த 39 என்பது, 400 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் ஒரு தலைமுடியின் தடிமன் கண்ணில் எடுக்கும் கோணம்.

ஸ்டான்ஃபோர்டில் லியோனார்ட் ஷிஃப் இதை 1960-ஐ ஒட்டி முன்வைத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜார்ஜ் பியூவும் தனியாக இதையே யோசித்திருந்தார். 1962-ல் வந்து சேர்ந்த பிரான்சிஸ் எவரிட் கடைசிவரை இதன் உயிராக இருந்தார். 1964 முதல் நாசா பணம் கொடுத்தது. ஏவியது 2004 ஏப்ரல் 20. நடுவில் போன 40 ஆண்டும் சும்மா போகவில்லை. தேவையான தொழில்நுட்பங்கள் பல அன்று உலகத்திலேயே இல்லை, ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டியிருந்தது.

ஜைரோஸ்கோப் என்பது 38 மி.மீ. விட்டமுள்ள, உருக்கிச் செய்த குவார்ட்ஸ் உருண்டை, மேலே நையோபியம் பூச்சு. முழுமையான கோளத்திலிருந்து சில பத்து அணுத் தடிமன் அளவுக்கு மேல் எங்கும் விலகல் கிடையாது. அப்படி நான்கு உருண்டைகள். இங்கே ஒரு சிக்கல். இவ்வளவு சீரான உருண்டையில் எந்த அடையாளமும் இல்லை. அடையாளம் வைத்தால் சீர் கெடும். பிறகு அதன் அச்சு எங்கே பார்க்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடை மீக்கடத்தியில், அதாவது மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருளில், கிடைத்தது. மீக்கடத்தி ஒன்று சுழலும்போது அதன் சுழலச்சின் திசையிலேயே ஒரு சிறு காந்தப்புலம் தானாக உண்டாகும். நையோபியம் கடுங்குளிரில் மீக்கடத்தி ஆகும். ஆகவே உருண்டையைத் தொடாமல், ஸ்க்விட் எனப்படும் நுண்காந்த உணரியால் அந்தப் புலத்தைப் படித்தால் அச்சைப் படித்ததாகும். அதற்காக 2,400 லிட்டருக்கு மேல் மீப்பாய்ம ஹீலியத்தை 1.8 கெல்வினில் சுமந்துகொண்டு போனது அந்தக் கலம். ஹீலியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும் அல்லவா, அந்த ஆவியையும் வீணாக்கவில்லை. அதையே குட்டி உந்திகள் வழியாக வெளியேற்றி, வளிமண்டலத்தின் எச்சசொச்சம் கலத்தைத் தள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள். கலமே உருண்டையைத் துரத்திக்கொண்டு பறந்தது, உருண்டை தன் போக்கில் விழுந்துகொண்டே இருந்தது.

வழிகாட்டி விண்மீன் ஐஎம் பெகாசி. பிரகாசத்துக்காக மட்டும் அதைத் தேர்வு செய்யவில்லை. அந்த விண்மீனும் வானத்தில் நகரும். அந்த நகர்வைத் தனியே துல்லியமாக அளக்காவிட்டால் எல்லாம் வீண். அது ரேடியோ அலை வெளியிடும் விண்மீன் என்பதால், குவேசார்கள் எனப்படும், அசையாததுபோல் தெரியும் மிகத் தொலைதூர ஒளிர்பொருள்களோடு ஒப்பிட்டு அதன் நகர்வை ரேடியோ தொலைநோக்கிகளால் அளக்க முடிந்தது.

சுமார் ஓர் ஆண்டு தரவு சேர்ந்தது. 2005 செப்டம்பரில் ஹீலியம் தீர்ந்தது. அப்புறம்தான் தலைவலி. நான்கு உருண்டைகளின் அச்சுகளும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அலைந்திருந்தன. காரணம், உருண்டையின் பூச்சிலும் அதைச் சுற்றியுள்ள கூட்டின் உட்பரப்பிலும் திட்டுத் திட்டாக மின்னழுத்த வேறுபாடு. கண்ணுக்கும் கருவிக்கும் கோளம் கச்சிதம், மின்சாரத்தின் பார்வையில் அது மேடும் பள்ளமும். இந்தத் திட்டுகள் ஒன்றையொன்று இழுத்து அச்சைத் திருப்பின. ஐன்ஸ்டீன் சொன்ன திருப்பம் போலவே தெரியும் இன்னொரு திருப்பம்.

ஐந்தாண்டுக்கு மேல் பகுப்பாய்வு நடந்தது. இதில் ஒரு விசித்திரமான உதவியும் கிடைத்தது. குளிரவைக்கும்போது நையோபியத்தில் சிறிது காந்தப்புலம் சிக்கிக்கொண்டிருந்தது. அதைக் குறை என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். கடைசியில் அடையாளமே இல்லாத உருண்டைக்கு அது அடையாளம் ஆகிவிட்டது. அதைப் பின்தொடர்ந்து ஒவ்வொரு உருண்டையும் உள்ளுக்குள் எப்படித் தள்ளாடியது என்று கண்டுபிடித்து, திட்டுகளின் விளைவைக் கணித்துக் கழித்தார்கள். 2008-ல் நாசா மேற்கொண்டு பணம் தர மறுத்தபிறகு தனியார் உதவியோடும் வெளிநாட்டு உதவியோடும் வேலை ஓடியது. 2011-ல் வெளியான இறுதி எண்கள்: முதல் விளைவு 6,601.8, பிழை வரம்பு 18.3. இரண்டாவது 37.2, பிழை வரம்பு 7.2.

இது தோல்வியா? முதல் விளைவு 0.3 சதவீதத்துக்குள் சரிபார்க்கப்பட்டுவிட்டது, அது நல்ல அளவீடு. இரண்டாவதை ஒரு சதவீதம் அல்லது அதைவிட நுட்பமாக அளக்கப் புறப்பட்டு 19 சதவீதத்தில் முடித்தார்கள். குறி வைத்ததை எட்டவில்லை என்பதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் கருவி சொதப்பியதும், எண்ணைத் தமக்கு வேண்டியபடி வளைக்காமல் பிழை வரம்பைப் பெரிதாகவே வெளியிட்டார்களே, அதை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன்.

வேதனையின் இன்னொரு பக்கமும் உண்டு. அதே காலவெளி இழுபடலை, அதற்குள் வேறொரு குழு மிக மலிவாக அளந்துவிட்டதாக அறிவித்திருந்தது. 1976-லும் 1992-லும் ஏவப்பட்ட லேஜியோஸ் செயற்கைக்கோள்கள் 60 செ.மீ. விட்டமுள்ள உலோக உருண்டைகள். மின்சாரம் கிடையாது, கருவி கிடையாது. வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்பும் 426 பட்டகங்கள் மட்டும் மேலே பதித்திருக்கும். தரையிலிருந்து லேசர் அடித்தால் தூரம் தெரியும். இழுபடலால் அவற்றின் பாதைத்தளம் ஆண்டுக்குச் சுமார் 31 மில்லி வில்விநாடி, அதாவது அந்த உயரத்தில் ஏறத்தாழ இரண்டு மீட்டர், நகர வேண்டும். இக்னாசியோ சியுஃபோலினியும் எரிகோஸ் பாவ்லிஸும் 2004-ல் இதை 10 சதவீதத் துல்லியத்தில் கண்டதாக வெளியிட்டார்கள்.

பிரச்சினை என்னவென்றால் பூமி உருண்டையாக இல்லை. நடுவில் புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பு அதே பாதைத்தளத்தை ஆண்டுக்கு நூறு பாகைக்கு மேல் திருப்புகிறது. தேடும் விளைவைப்போல ஒரு கோடி மடங்குக்கும் அதிகம். அந்த மலையைக் கழித்துவிட்டு மிச்சத்தில் இந்தக் கடுகைத் தேட வேண்டும். அதனால் அந்த 10 சதவீதம் உண்மையில் 10 சதவீதமா என்று நெடுநாள் சண்டை நடந்தது. கிரேஸ் செயற்கைக்கோள்கள் தந்த துல்லியமான ஈர்ப்பு வரைபடம் இல்லாமல் இந்த முயற்சியே சாத்தியமில்லை. 2012-ல் டங்ஸ்டன் கலவையால் ஆன லேரஸ் என்ற கனத்த உருண்டை சேர்ந்துகொண்டது. 2022 ஜூலை 13 அன்று ஏவிய லேரஸ்-2 இன்னும் சாமர்த்தியமானது. லேஜியோஸின் பாதைச் சாய்வும் இதன் சாய்வும் கூட்டினால் 180 பாகை வரும்படி அமைத்திருக்கிறார்கள். இப்படி வைத்தால் பூமியின் புடைப்பு இரண்டு பாதைகளையும் சம அளவில் எதிரெதிர்த் திசையில் திருப்பும், காலவெளி இழுபடலோ இரண்டையும் ஒரே திசையில் திருப்பும். இரண்டையும் கூட்டினால் புடைப்பு தானே அடிபட்டுப்போகும். 1980-களிலேயே பிறந்த யோசனை இது. ஏவ இவ்வளவு காலம் ஆனது.

விண்வெளிக்குப் போக மூன்றாவது காரணம், அங்கே நீண்ட நேரம் விழலாம் என்பது. வெவ்வேறு பொருள்கள் ஒரே மாதிரி விழுகின்றனவா என்ற கேள்வி பொதுச் சார்பியலின் அஸ்திவாரம். சமானக் கொள்கை என்பார்கள். நிலவில் வைத்த லேசர்ப் பட்டகங்கள் இதைப் பெரிய அளவில் சோதிக்கின்றன, பூமியும் நிலவும் சூரியனை நோக்கிச் சமமாக விழுகின்றனவா என்று. 1969-ல் அப்போலோ 11 வைத்தது இன்றும் வேலை செய்கிறது. அதேபோலப் பட்டகம் சுமந்து போன சோவியத்தின் நிலவு ஊர்தி லூனகோத் 1 இருக்கும் இடம் பல பத்தாண்டாகச் சரியாகத் தெரியாமல் கிடந்து, 2010-ல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது.

சிறிய அளவில் இதே கேள்வியைக் கேட்டது பிரான்சின் மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோள். 2016 ஏப்ரல் 25 அன்று ஏவப்பட்டு 710 கி.மீ. உயரத்தில் சுற்றியது. உள்ளே ஒரே அச்சில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், ஒன்று டைட்டானியக் கலவை, மற்றது பிளாட்டினக் கலவை. இரண்டும் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கும். ஒன்று மற்றதைவிடத் துளி அதிகமாக விழுந்தால், அதை நடுவில் பிடித்து வைக்கத் தேவைப்படும் மின்விசையில் அது தெரியும். இந்த வடிவமைப்பில் நான் ரசிப்பது இரண்டாவது ஜோடியை. அதில் இரண்டு உருளைகளும் பிளாட்டினமே. அங்கே எந்த வித்தியாசமும் வரக் கூடாது. வந்தால் அது இயற்பியல் அல்ல, கருவியின் கோளாறு.

கோளாறு வந்தது. சூரிய வெப்பத்திலும் நிழலிலும் மாறி மாறிப் போகும்போது கலத்தின் வெப்பக்காப்புப் படலம் போன்ற பாகங்கள் மெல்லியதாக நெரிந்தன. அந்த நெரிவு ஒவ்வொன்றும் அளவீட்டில் ஒரு துள்ளலாக விழுந்தது. தரவிலிருந்து அவற்றைக் களைந்து 2022 செப்டம்பரில் இறுதி முடிவைத் தந்தார்கள். 1-க்குப் பின் 15 சுழியம் போட்ட எண்ணில் சில பங்கு வரை இரண்டும் சமமாகவே விழுகின்றன. தரையில் முறுக்குத் தராசுகள் (மெல்லிய இழையின் முறுக்கை வைத்து நுண்விசையை அளப்பவை) எட்டியிருந்ததைவிட இது பல பத்து மடங்கு நுட்பம்.

ஒரு நாள் நிஜமாகவே விலகல் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அதற்கும் ஒத்திகை நடந்திருக்கிறது. நாசாவின் பயனியர் 10, 11 கலங்கள் சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போகும்போது, கணக்கைவிட மிகச் சிறிதளவு அதிகமாக வேகம் குறைவதாக 1998-ல் அறிவிக்கப்பட்டது. ஈர்ப்பு விதியே தொலைவில் மாறுகிறது என்று கட்டுரைகள் குவிந்தன. ஸ்லாவா துரிஷேவ் குழுவினர் பழைய காந்த நாடாக்களைத் தேடிப்பிடித்து, கலத்தின் வெப்பநிலைப் பதிவுகளை மீட்டு, வெப்பம் எந்தப் பக்கம் எவ்வளவு வெளியேறியது என்று கணக்கிட்டார்கள். கலம் முன்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக வெப்பத்தை உமிழ்ந்ததே கலத்தை மெல்லப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. 2012-ல் விவகாரம் முடிந்தது. அடுத்த விலகல் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் கலத்தின் வெப்பக் கணக்குதான்.

இப்போது நடப்பவற்றில் கவனிக்க வேண்டியது ஏசஸ் என்ற ஐரோப்பிய அணுக்கடிகாரத் தொகுதி. 2025 ஏப்ரலில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய்க் கொலம்பஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. குளிர்ந்த சீசியம் அணுக்களைக் கொண்ட ஃபாராவோ என்ற கடிகாரமும் ஒரு ஹைட்ரஜன் மேசரும் உள்ளே இருக்கின்றன. நிலையம் 400 கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகிறது, கலிலியோவுக்குக் கிடைத்த ஏற்ற இறக்கம் இதற்குக் கிடையாது. ஆனால் கடிகாரம் மிக உயர்தரம். உலகின் பல ஆய்வகக் கடிகாரங்களோடு நுண்ணலை வழியே இதை ஒப்பிட்டு, ஈர்ப்பு விளைவைப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு வரை சோதிப்பது இலக்கு. விண்வெளி வீரர்கள் உடற்பயிற்சி செய்யும் அதிர்வும், நிலையத்தின் பாதை எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதும் இங்கே எதிரிகள்.